கொப்பி முடிந்த பிறகு...

பாடசாலைத் தவணை தொடங்கப் போகிறதென்றால் புறக்கோட்டையில் எங்கள் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. கொப்பி, பேனை, புத்தகப் பை வியாபாரம் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு வருடத்தில் அந்த ஐந்தாறு கிழமைதான் அறுவடைக் காலம். அந்நாட்களில் கடைக்கு வருவோரில் ஒரு தனிப் பிரிவினர் உண்டு. நலன்புரிச் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், பழைய மாணவர் அமைப்புகள், இளைஞர் கழகங்கள் என்று வருவார்கள். "ஹாஜியார், நூறு பிள்ளைகளுக்குப் பார்சல் போட வேணும். ஆளுக்கு எண்பது பக்கத்தில ஆறு, நூற்றியிருபதில நாலு, ஒரு சீ.ஆர். கொப்பி. ஏழைப் பிள்ளைகளுக்கு, விலையைப் பாத்துப் போடுங்க" என்பார்கள். நானும் இயன்றளவு குறைத்துப் போடுவேன். இரண்டு கிழமை கழித்து அந்தப் பார்சல்களைப் பத்திரிகையில் காண்பேன். பின்னால் பதாகை, நடுவில் பிரதம அதிதி, முன்னால் பார்சலைப் பிடித்தபடி தலை குனிந்து நிற்கும் ஒரு பிள்ளை.

இதில் எனக்கு இலாபம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே இன்று நான் எழுதப் போவது எனது வயிற்றில் நானே அடித்துக் கொள்ளும் சங்கதி. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தப் படங்களில் பிரதம அதிதிக்கு அருகில் நிற்கும் சங்கத் தலைவராக நானும் பல வருடங்கள் நின்றிருக்கிறேன். எங்கள் மலையகக் கிராமத்தில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் உதவும் சிறிய அமைப்பொன்றின் தலைமையை என் தலையில் கட்டினார்கள். "கொழும்பில் கடை வைத்திருப்பவர், நாலு தனவந்தர்களைத் தெரிந்தவர்" என்பதே நான் பெற்றிருந்த ஒரே தகுதி.

நாட்டாமிப் பையன்

ஒரு நாள் பகல், லொறியில் சரக்கு வந்திறங்கிக் கொண்டிருந்தது. நாட்டாமிமார் பெட்டிகளைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பையன், பத்தொன்பது வயதிருக்கும், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொண்டான். எங்கேயோ பார்த்த முகம். கூப்பிட்டு விசாரித்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளை. நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் சங்கத்தின் வைபவத்தில் எனது கையாலேயே பார்சல் வாங்கியவன். வகுப்பில் கெட்டிக்காரன் என்று அதிபர் மேடையில் விசேடமாகப் பெயர் சொல்லி அழைத்த பிள்ளை.

"ஏன் மகன் படிப்பை உட்டீங்க?" என்று கேட்டேன்.

"வாப்பா சொகமில்லாமப் போனாங்க ஹாஜியார். வகுப்புக் காசு கட்ட ஏலாமப் போச்சி" என்றான்.

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நீங்க தந்த கொப்பி முடிஞ்சி போச்சி. அதுக்குப் பொறகு ஒத்தரும் கேட்டு வரல்ல."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. அவனது தோளில் அப்போது இருந்ததும் கொப்பிப் பெட்டிதான்.

அன்றிரவு எங்கள் சங்கத்தின் வருடாந்த அறிக்கையை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த வருடம் இத்தனை பிள்ளைகளுக்குக் கொப்பி, இத்தனை பேருக்குச் சப்பாத்து, இத்தனை பேருக்குப் புலமைப்பரிசில் என்று அழகாக எழுதியிருந்தோம். கணக்காய்வாளரின் கையொப்பமும் இருந்தது. ஒரு சதமும் குறையவில்லை. அந்தப் பையனைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

வாங்கிய கணக்கும் விற்ற கணக்கும்

கடையொன்றை நடத்தும் எவரும் இதை விளங்கிக் கொள்வார். சரக்கு எவ்வளவு வாங்கினேன் என்பது கொள்வனவுப் புத்தகத்தில் இருக்கும். அதைக் காட்டி "இவ்வருடம் எனக்கு நல்ல இலாபம்" என்று ஒரு வியாபாரி சொன்னால் அவரைப் பார்த்துச் சிரிப்போம். வாங்கியது விற்றதா, விற்றதற்குக் காசு வந்ததா, கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்பதல்லவா இலாபம்?

ஆனால் எங்கள் சமூக நல அமைப்புகளில் பெரும்பாலானவை கொள்வனவுப் புத்தகத்தையே இலாபக் கணக்காகக் காட்டுகின்றன. எத்தனை பார்சல், எத்தனை தையல் இயந்திரம், எத்தனை இலட்சம் ரூபா என்பவையெல்லாம் நாம் செலவழித்தவை. அந்தப் பிள்ளை சாதாரண தரம் சித்தியடைந்ததா, தையல் இயந்திரம் பெற்ற சகோதரி அடுத்த வருடமும் அதில் தைத்துக் கொண்டிருந்தாரா, அல்லது அடகுக் கடைக்குப் போனதா என்பதே விளைவு. செலவைச் சரியாகச் சொன்னால் நேர்மையான மனிதர் என்ற பெயர் கிடைக்கும். விளைவைத் தேடிப் போனால்தான் தலைவர் என்ற பெயருக்குப் பொருள் உண்டு என்பதே எனது தாழ்மையான அபிப்பிராயம்.

அந்த நாட்டாமிப் பையனுக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் வேலை மிகவும் சாதாரணமானது. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி ஒரு பேரேடு திறந்தோம். கடையில் கடன்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்திருப்பதில்லையா? அதே முறைதான். பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டு நிலைமை, பொறுப்பாக யாருடன் பேசுவது, மூன்று மாதத்திற்கொரு முறை என்ன நிலை என்று எழுதினோம். பழைய பட்டியல்களில் இருந்த பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது அரைவாசிப் பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கண்டுபிடித்தவர்களிலும் பலர் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டிருந்தார்கள். ஆண் பிள்ளைகள் கடைகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் பலர் நன்றாகப் படித்துவிட்டு, வழிகாட்ட ஆளில்லாமல் வீட்டில் இருந்தார்கள். கடனைத் திருப்பித் தராதவரை வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் வியாபாரி நான். ஆனால் நானே கை கொடுத்த பிள்ளையை நான்கு மாதம் கூட நினைவில் வைத்திருக்கவில்லை.

முன்னோர் செய்த விதம்

எமது சமூகத்திற்கு இது புதிய பாடமல்ல. 1892இல் கொழும்பு மருதானையில், பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையை அறிஞர் சித்திலெப்பையோடு சேர்ந்து ஆரம்பித்த வாப்பிச்சி மரைக்கார் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் அவர். கட்டடக்காரர் ஒருவர் கட்டடத்தோடு திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் உருவாக்க நினைத்தது படித்த ஒரு தலைமுறையை.

மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1942இல் யுத்த கால உணவு உற்பத்திப் பணிக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குச் சென்றார். அங்கு வறிய பிள்ளைகளின் கல்வி நிலையை நேரில் கண்டார். அதன் பின் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். திறமையிருந்தும் பணமில்லாத காரணத்தால் உயர் கல்வியை இழக்கும் மாணவருக்குக் கை கொடுப்பதே அதன் நோக்கம். ஒரு நாள் உதவியாக அல்லாமல் படிப்பு முடியும் வரைக்குமான பொறுப்பாக அதைப் பார்த்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வியாபாரிகளாகிய நாம் பேருவளை நளீம் ஹாஜியாரிடம் கற்க வேண்டியது இன்னொன்று. இரத்தினக்கல் வர்த்தகத்தில் உழைத்த செல்வத்தைக் கொண்டு 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கு படித்துப் பட்டதாரிகளாக வெளியேறினார்கள். பெரிய படிப்புப் படித்தவரல்லர் அவர். ஆனால் படிப்பிக்கும் வேலையை அதற்குரியவர்களிடம் கொடுத்தார். கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி அவர்கள் 1981 முதல் 2020இல் காலமாகும் வரை அதன் பணிப்பாளராக இருந்தார். ஸ்தாபகர் மறைந்து ஆண்டுகள் பல கடந்தும் நிறுவனம் நடக்கிறது. பணம் கொடுப்பது ஒரு வேலை, நடத்துவது வேறொரு வேலை என்பதை அவர் அறிந்திருந்தார். எங்களில் பலருக்கு, நான் உட்பட, அது விளங்குவதற்கு நீண்ட காலம் எடுத்தது.

நல்ல காரியத்திற்குச் சம்பளமா?

பேரேடு திறந்த பிறகு அதை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. நிர்வாக சபையில் பதினொரு பேர். எல்லோரும் வியாபாரிகள், ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை விசாரிக்க ஒருவருக்கும் நேரமில்லை. ஆகவே ஊரிலுள்ள பட்டதாரிச் சகோதரி ஒருவரை முழுநேர இணைப்பாளராகச் சம்பளத்திற்கு அமர்த்துவோம் என்றேன். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. "நல்ல காரியத்திற்குச் சம்பளமா? அந்தக் காசுக்கு இன்னும் ஐம்பது பார்சல் போடலாமே" என்றார்கள். நன்கொடையாளர் ஒருவர், தனது பணத்தில் ஒரு சதமேனும் சம்பளத்திற்குப் போகக் கூடாது என்று எழுத்திலேயே கேட்டார்.

எனது கடையில் கணக்கெழுதுபவர் இல்லாமல், காவலாளி இல்லாமல் நான் ஒரு நாளும் வியாபாரம் செய்ததில்லை. பிறருடைய அமானிதப் பணத்தை மட்டும் ஏன் கவனிப்பாரற்றுச் செலவழிக்க வேண்டும்? ஸகாத் பெறத் தகுதியானோர் என அல்குர்ஆன் குறிப்பிடும் எட்டுக் கூட்டத்தாரில் அதற்காகப் பணிபுரிவோரும் ஒரு கூட்டத்தார் என்பதை நாமெல்லோரும் சிறு வயதில் மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். ஏழையின் பங்கை ஏழையிடம் சரியாகச் சேர்ப்பது உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. எங்கள் ஊர் மௌலவி அவர்கள் இதை எடுத்துச் சொன்ன பிறகே கூட்டம் அடங்கியது. ஆயினும் சம்பளத்திற்கெனத் தனியாகச் சிலரிடம் மாதாந்தம் சேர்ப்பதென்றும், ஸகாத் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பதென்றும் முடிவு செய்தோம். கொடுத்தவர் எந்த நிய்யத்தில் கொடுத்தாரோ அந்த வழியிலேயே பணம் போக வேண்டும். இதில் தலைவருக்கு விட்டுக் கொடுக்கும் உரிமை கிடையாது.

சம்பளம் கொடுப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கரையோரமெங்கும் அலுவலகமும் வாகனமும் பெயர்ப்பலகையுமாக வந்திறங்கிய அமைப்புகளை நாம் கண்டோம். பணம் தீர்ந்ததும் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய இடங்களும் உண்டு. ஒருவரைச் சம்பளத்திற்கு வைத்தால் அவரிடம் பெறுபேறு கேட்கலாம். சும்மா வருபவரிடம் "ஏன் வரவில்லை" என்று கூடக் கேட்க முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

என் கடையில் நின்ற பிள்ளை

இனி எனக்கே வெட்கமான ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும்.

இணைப்பாளர் சகோதரி வேலைக்கு வந்த முதல் வருட முடிவில் பெறுபேற்றுப் பட்டியல் தயாரித்தார். "தொழில் பெற்றுக் கொடுக்கப்பட்டோர்" என்ற தலைப்பின் கீழ் ஒரு பையனின் பெயர் இருந்தது. அவன் சாதாரண தரத்தில் கணித பாடம் தவறியவன். "சும்மா இருக்காமல் தொழில் பழகட்டும்" என்று நான்தான் எனது கடையில் சேர்த்துக் கொண்டேன். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, மற்றச் சிப்பந்திகளுக்குக் கொடுப்பதில் அரைவாசிச் சம்பளம் கொடுத்தேன். ஊரில் இதற்காக என்னைப் புகழ்ந்தார்கள்.

கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அந்தச் சகோதரி கேட்டார்: "ஹாஜியார், கோவிச்சிக் கொள்ள வேணாம். உங்கட கடையில நிக்கிற பிள்ளைய தொழில் கெடச்சவர் என்டு எழுதிறதா, படிப்ப உட்டவர் என்டு எழுதிறதா?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பிள்ளை வயதிலுள்ள ஒருவர், எனது பணத்தில் சம்பளம் வாங்குபவர், என்னைப் பார்த்துக் கேட்பதா என்று நினைத்தேன். மூன்று நாட்கள் அவரது தொலைபேசி அழைப்புக்குப் பதிலளிக்கவில்லை. நான்காம் நாள் கடையில் சம்பளப் புத்தகத்தைப் புரட்டினேன். அவன் வேலைக்கு வந்து பதினான்கு மாதங்கள். சட்டப்படி தொழிலாளியின் பங்காக 8 வீதமும் தொழில் கொள்வோரின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கும், மேலும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் நான் செலுத்தியிருக்க வேண்டும். ஒரு மாதமேனும் செலுத்தவில்லை. "பழகுபவன் தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். பழகுவதற்கு அவனுக்கு நான் என்ன கற்றுக் கொடுத்தேன்? பெட்டி பிரிக்கவும் தேநீர் வாங்கி வரவும் கற்றுக் கொடுத்தேன். தர்மம் என்ற பெயரில் எனக்கு மலிவான ஒரு சிப்பந்தி கிடைத்திருந்தான். அதுதான் உண்மை.

நிலுவையைக் கட்டினேன். சம்பளத்தைச் சரி செய்தேன். மாலையில் கணித வகுப்புக்குப் போக நேரத்தோடு விட்டேன். முதல் முறை மீண்டும் தவறினான். இரண்டாம் முறை சித்தியடைந்தான். இப்போது மின்னிணைப்புத் தொழில் கற்று வேறிடத்தில் வேலை செய்கிறான். எனக்கு ஒரு நல்ல சிப்பந்தி இல்லாமற் போனான். சங்கத்திற்கு ஒரு பெறுபேறு கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் யாப்பில் ஒரு விதி இருக்கிறது. நிர்வாக சபை உறுப்பினரின் கடையிலோ தொழிற்சாலையிலோ சங்கத்துப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால், சம்பளமும் சேமலாப நிதியும் கூட்டத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். உறுப்பினரின் உறவினருக்கு உதவி வழங்கும் விடயம் பேசப்படும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். இதனால் இருவர் இராஜினாமாச் செய்தார்கள். சங்கம் நின்றுவிடவில்லை.

வீட்டுக் கணக்கு

வறிய வீட்டுப் பிள்ளை ஏன் படிப்பை நிறுத்துகிறது என்று கேட்டால், "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று மேடைகளில் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பெற்றோர் எங்களை விடக் கவனமாகக் கணக்குப் பார்ப்பவர்கள். பதினாறு வயதுப் பையன் கடையில் நின்றால் மாத முடிவில் கையில் காசு. படித்தால் இரண்டு மூன்று வருடங்களுக்கு பஸ் செலவு, வகுப்புச் செலவு, அதற்குப் பிறகும் வேலை நிச்சயமில்லை. நாளைய அரிசிக்கு வழி தேடும் வீட்டில் இந்தக் கணக்கு எப்படி முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2021இல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது நல்ல காரியம். ஆனால் சட்டம் பிள்ளையைக் கடையிலிருந்து வெளியே அனுப்பும். வகுப்பறைக்குள் கொண்டு வந்து இருத்தாது.

ஆகவே உதவி அந்த வீட்டுக் கணக்கை மாற்றுவதாக இருக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் வருட ஆரம்பத்தில் கொடுக்கும் பார்சலை விட, மாதாந்தம் கொடுக்கும் சிறு தொகை பெரியது. பஸ் சீசன் டிக்கெட், பகல் சாப்பாடு, பரீட்சைக்கு முந்திய ஆறு மாத கால கணித வகுப்பு ஆகியவற்றுக்குப் படம் பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை நிற்பதும் போவதும் இவற்றில்தான் தங்கியுள்ளது. வாப்பா நோயுற்ற மாதம், வீட்டு வாடகை தவறிய மாதம் போன்ற காலங்களில்தான் பிள்ளை படிப்பை விடும். அந்த மாதத்தில் கை கொடுக்க ஒருவர் இருந்தால் போதும். அந்த நாட்டாமிப் பையனுக்கு ஒரு மாதம்தான் தேவைப்பட்டது.

படிப்பு ஏறாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. சாதாரண தரம் சித்தியடையாதவர்களும் தொழிற் பாடங்களோடு பாடசாலைக் கல்வியைத் தொடரும் வழி 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் மூலம் திறக்கப்பட்டது. தேசிய தொழிற் தகைமை எனும் என்.வி.கியூ. சான்றிதழ் ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை தேர்ச்சிச் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்திற்குச் சமம். தொழிற் பயிற்சி அதிகார சபையும் நைட்டா எனப்படும் பயிலுனர் பயிற்சி அதிகார சபையும் பயிற்சிகளை நடத்துகின்றன. ஐந்து வருடங்களாகக் கராஜில் கையில் கிறீஸ் பூசி வேலை பழகிய பையன், வகுப்புக்குப் போகாமலேயே தனது கைத்திறனைப் பரீட்சித்துக் காட்டி என்.வி.கியூ. பெறவும் ஏற்பாடு உண்டு. அந்தக் கடதாசி கையில் இருந்தால் வெளிநாட்டுக்குப் போகும்போது "ஹெல்பர்" என்றல்லாமல் "மெக்கானிக்" என்று போகலாம். இந்த விபரம் எங்கள் ஊர்களில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஒரு சங்கம் ஒரு சதமும் செலவழிக்காமல் செய்யக்கூடிய வேலை, ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பிள்ளையின் கையைப் பிடித்து அந்த அலுவலகத்திற்கு அழைத்துச் செல்வது.

வாக்குறுதியின் பெறுமதி

2022ஐ எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திப் போடப்பட்டன. கொப்பியின் விலையைக் கேட்டுத் தாய்மார் எனது கடை வாசலிலேயே திரும்பிப் போனார்கள். எங்கள் சங்கம் மாதாந்தம் கொடுத்த தொகையின் பெறுமதி கண் முன்னே அரைவாசியாகக் குறைந்தது. அதே மாதங்களில் நன்கொடையாளர்களின் வியாபாரமும் படுத்துவிட்டது. புதிதாக இருபது பிள்ளைகளைச் சேர்க்கும்படி கடிதங்கள் வந்து குவிந்தன.

நிர்வாக சபையில் பலர் சேர்ப்போம் என்றார்கள். நான் மறுத்தேன். அந்த வருடம் ஒருவரையும் புதிதாகச் சேர்க்கவில்லை. இருந்த பிள்ளைகளின் தொகையைக் கூட்டினோம். ஊரில் எனக்கு ஏச்சு விழுந்தது. ஒரு தாய் எனது வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார். இன்றும் அது மனதை அறுக்கிறது. ஆனாலும் பிள்ளையொன்றைப் பொறுப்பேற்று நடுவழியில் விடுவது, ஏற்காமல் விடுவதை விடக் கொடியது என்றே நினைக்கிறேன். இடை நடுவில் கை விடப்பட்ட பிள்ளை மீண்டும் ஒருவரை நம்பாது. இப்போது எங்களிடம் ஒரு நியதி உண்டு. இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்திற்குப் போதுமான தொகை வங்கியில் இருந்தால் மட்டுமே புதிய பெயர் எழுதப்படும். வருவதாகச் சொன்ன பணத்தை வந்த பணமாகக் கணக்கெழுதி முறிந்து போன கடைகளைப் புறக்கோட்டையில் வேண்டியளவு கண்டவர்கள் நாங்கள்.

சட்டரீதியான ஒழுங்குகளையும் அலட்சியம் செய்யலாகாது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டர் அமைப்பாகப் பதிவு செய்யலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாத வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். காசோலைக்கு இரு கையொப்பம் வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கில் சங்கப் பணம் ஒரு இரவு கூடத் தங்கக் கூடாது, அவர் எவ்வளவு பெரிய பேணுதல் உள்ளவராக இருந்தாலும் சரியே.

கதிரையை விட்டு எழுவது

கடைசியாக ஒன்று. எங்கள் அமைப்புகளில் தலைவர்கள் பெரும்பாலும் மௌத்தாகும் வரை தலைவர்களே. நான் பதினொரு வருடங்கள் அந்தக் கதிரையில் இருந்தேன். "நீங்க இல்லாட்டி ஆரு ஹாஜியார்?" என்று கேட்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். பிறகு யோசித்துப் பார்த்தேன். பதினொரு வருடத்தில் எனக்குப் பதிலாக ஒருவரை உருவாக்க முடியவில்லை என்றால், இளைஞர்களை உருவாக்கும் சங்கத்திற்கு நான் என்ன தலைவர்? கடந்த பொதுக்கூட்டத்தில் எழுந்து விட்டேன். இப்போதைய செயலாளர், ஒரு காலத்தில் எங்கள் பேரேட்டில் ஒரு பக்கமாக இருந்தவர். சங்கத்தின் உதவியில் படித்துக் கணக்காளரானவர். என்னை விடக் கண்டிப்பானவர். போன மாதம் எனது கடை கொடுத்த கொப்பி விலைப்பட்டியலை, "வேறு இரண்டு இடத்திலும் விலை கேட்க வேணும் ஹாஜியார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

அந்த நாட்டாமிப் பையனை எங்களால் திரும்பப் படிக்க வைக்க முடியவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது அவனது தோளில் ஒரு குடும்பம் ஏறியிருந்தது. இன்றும் புறக்கோட்டையில் பெட்டி சுமக்கிறான். அவனது தம்பியின் பெயர் பேரேட்டில் இருக்கிறது. மூன்று மாதத்திற்கொரு முறை தம்பியின் புள்ளி அறிக்கையைத் தானே கொண்டு வந்து எனது மேசையில் வைத்துவிட்டுப் போகிறான்.

வாசக நெஞ்சங்களே, அடுத்த தவணைக்கு உங்களிடமும் பட்டியலோடு வருவார்கள். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "போன வருடம் கொப்பி வாங்கிய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" வந்தவர் பெயர் சொல்லிப் பதில் தந்தால், அடுத்த வருடம் இரட்டிப்பாகக் கொடுங்கள்.